கொடுத்தவர் யார்?

தானம் என்ற சொல்லை நாம் வெகு சுலபமாக உபயோகிக்கிறோம். அன்னதானம், கோதானம், பூமிதானம், இந்தக் காலத்தில் இரத்ததானம் என்று அதன் குடும்பம் பெருகிக்கொண்டே போகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு நிபந்தனை அடங்கியிருப்பதை நாம் அதிகமாக யோசிப்பதில்லை. கொடுக்கிற பொருள் கொடுக்கிறவனுடையதாக இருக்கவேண்டும். அடுத்த வீட்டுப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போய்க் கோயிலில் கட்டிவிட்டு வந்தவனை யாரும் வள்ளல் என்று சொல்லமாட்டார்கள். வள்ளுவர் ஈகைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். பிறன் பொருளைக் கவர நினைக்காமல் இருப்பதற்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஈகை இன்னதென்று விளங்கும்.

பசுவைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் இப்படிச் சொல்லிவிடலாம். ஒரு மனுஷியின் குரலைப் பற்றி என்ன சொல்வது? அந்தக் குரல் சம்பாதித்த பணம் ஊருக்கெல்லாம் தர்மமாகப் போனால் தானம் செய்தவர் யார்? பாடியவரா, பாட ஏற்பாடு செய்தவரா?

இந்தக் கேள்வி மதுரைக்காரர்களுக்கு அந்நியமானதல்ல. நம் ஊரில் பிறந்து உலகமெல்லாம் பேர் பெற்ற எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இது எழுந்து வந்து முன்னால் நிற்கிறது. அவரைத் தெய்வமாக்கிக் கற்பூரம் காட்டிவிட்டால் கேள்வி அடங்கிவிடும். அப்படி அடக்கிவிடுவது நியாயமில்லை என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அயல்நாட்டுக் கலைஞர் ஒருவரைப் பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்த்தால் நம் வீட்டு விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

1860-ல் பிறந்த பாடரெவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் தம் காலத்தில் ஈடு இணையற்ற புகழோடு விளங்கிய பியானோ வித்வான். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவருடைய கச்சேரிகளுக்காகத் தவம் கிடந்தன. அந்தக் காலத்தில் போலந்து என்று ஒரு தேசமே பூகோளப் படத்தில் இல்லை. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பியானோவில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு 1910-ல் க்ராக்கோவ் நகரத்தில், ஐந்நூறு வருஷங்களுக்கு முன் போலந்து வீரர்கள் வென்ற ஒரு யுத்தத்தின் ஞாபகமாகப் பிரம்மாண்டமான சின்னம் ஒன்றை அவர் எழுப்பினார். முதல் உலக யுத்தம் மூண்டபோது அமெரிக்கா முழுவதும் சுற்றி, வாசித்தும் பேசியும் தம் நாட்டு மக்களுக்காக நிதி திரட்டினார். 1919-ல் சுதந்திரப் போலந்தின் பிரதம மந்திரியாகி வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். பதவி போன பிறகு மறுபடியும் பியானோவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

இவர் விஷயத்தில் நம் கேள்வி எழுவதே இல்லை. விரல்கள் அவருடையவை, பணம் அவர் பெட்டிக்கு வந்தது, எதற்குக் கொடுப்பது என்ற முடிவும் அவருடையது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

சுப்புலக்ஷ்மி 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி மதுரையில் பிறந்தவர். தாயார் சண்முகவடிவு வீணை வாசிப்பவர். பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர். சங்கீதத்தையே பரம்பரைச் சொத்தாகக் கொண்ட பெண்களின் குடும்பம் அது. அந்தக் குலத்துப் பெண்களின் கலையை ஊர் ரசித்தது. அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய கௌரவத்தை மட்டும் கொடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு குழந்தையின் பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது.

தாம் முதன்முதலில் சபையில் பாடிய கதையை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மண்ணைக் குழைத்து விளையாடிக் கொண்டிருந்த சிறுமியை யாரோ தூக்கிக்கொண்டு போய்க் கைகால் கழுவிவிட்டு, பக்கத்தில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தாயார் கச்சேரி செய்துகொண்டிருந்த இடத்தில் உட்கார வைத்தார்களாம். தாயார் பாடச் சொன்னார், குழந்தை பாடியது. 1904-ல் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த அதே பள்ளிதான். ஆரம்பமே எப்படி இருக்கிறது, பாருங்கள். யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள், யாரோ பாடச் சொன்னார்கள். பாடியது மட்டும் அவர்.

இந்த ஆரம்பமே அவர் வாழ்க்கை முழுவதற்கும் இலக்கணமாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1940-ல் அவரை மணந்துகொண்ட தி. சதாசிவம் காங்கிரஸ்காரர், தேசத்துக்காகச் சிறை சென்றவர், காரியத்தில் சூரர். எந்தக் கச்சேரிக்கு ஒப்புக்கொள்வது, என்னென்ன பாடுவது, எந்த நல்ல காரியத்துக்காகப் பாடுவது என்பதெல்லாம் அவருடைய தீர்மானம். முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த பாட்டு என்ன, நேரம் எவ்வளவு இருக்கிறது என்பது அவர் ஜாடையிலிருந்து மேடைக்குத் தெரியும். வரவு செலவும் அவர் பொறுப்புத்தான்.

1941-ல் வெளிவந்த 'சாவித்திரி' படத்தில் சுப்புலக்ஷ்மி நாரதர் வேஷம் போட்டுக்கொண்டு நடித்தார். சாவித்திரியாக நடித்தவர் சாந்தா ஆப்தே. அந்தப் படத்தில் கிடைத்த ஊதியம், சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் சேர்ந்து ஆரம்பித்த 'கல்கி' பத்திரிகைக்கு மூலதனமாயிற்று. தமிழ் நாவல் படித்து வளர்ந்த நாமெல்லோரும் அந்த நாரதர் வேஷத்துக்குக் கடன்பட்டவர்கள். 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடினார். பிறகு ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள், கோயில்கள் என்று தர்மத்துக்காக அவர் செய்த கச்சேரிகளுக்குக் கணக்குச் சொல்வது கஷ்டம். 1963-ல் வெளியான வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு தென்னாட்டு வீடுகளில் விடியற்காலையின் ஓசையாகவே ஆகிவிட்டது. அதன் உரிமைத் தொகை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குப் போயிற்று. 1974-ல் மக்ஸேஸே பரிசு வந்தபோது, அதைச் சங்கீதத்துக்கென்று கொடுக்காமல் பொதுச் சேவைக்கென்று கொடுத்தார்கள்.

எங்கள் வண்டியூரில் இருக்கும் ஓர் அம்மையாரிடம் இதையெல்லாம் ஒருநாள் வியந்து சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் வெகுகாலம் சரித்திரம் போதித்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொடுத்தது அந்த ஐயா. கறந்தது இந்த அம்மாவிடம். கறந்த பாலுக்குப் பசுவை வள்ளல் என்று சொல்வதுண்டா?" என்றார்.

கடுமையான வார்த்தைதான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. "சித்திரைத் திருவிழாவில் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கி நம் வண்டியூருக்கு எழுந்தருளுகிற வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல். ஒவ்வொரு பந்தலிலும் உபயம் என்று ஒரு பெயர் தொங்குகிறது. ஒன்றிலாவது மோர் கடைந்தவளின் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றார்.

நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்கமாட்டீர்கள். குடும்பத் தலைவர் பத்துப் பேர் முன்னிலையில் தாராளமாக, "நாளைக்கு நம் வீட்டில் ஐம்பது பேருக்குச் சாப்பாடு" என்று சொல்லிவிடுகிறார். ஊர் அவரைப் புகழ்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்று ஊர் விசாரிப்பதில்லை. அவளும் அதை ஒரு குறையாகச் சொல்லுவதில்லை. சொல்லாத காரணத்தினாலேயே அது குறையில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆகவே அந்த அம்மையார் எழுப்பிய கேள்வி ஒரு சங்கீத மேதையோடு நின்றுவிடுகிற கேள்வி இல்லை. நம் சமையலறைக்குள்ளும் வந்து நிற்கிற கேள்வி.

ஆனாலும் அவர் சொன்ன உவமையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏனென்று சொல்லுகிறேன்.

ஒரு கச்சேரியால் ஓர் ஆஸ்பத்திரிக்கு உதவி கிடைக்கிறது என்றால், அங்கே கொடுக்கப்படுவது ஒரே ஒரு பொருளல்ல. பணம் கொடுக்கப்படுகிறது. அதற்கு முன்னால் கச்சேரி கொடுக்கப்படுகிறது. பணத்தை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் கொடுப்பார். கச்சேரியை வேறொருவர் கொடுக்கமுடியாது. 'நாளைக்கு நீ பாடவேண்டும்' என்று ஒருவர் கட்டளையிடலாம். 'நாளைக்கு நீ மெய்ம்மறந்து பாடவேண்டும்' என்று கட்டளையிட யாருக்கும் சக்தி கிடையாது. இலவசக் கச்சேரிதானே, தர்மக் கச்சேரிதானே என்று அரை மனதோடு பாடிவிட்டு எழுந்து போகிற சுதந்திரம் எந்த வித்வானுக்கும் உண்டு. அதை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. அப்படிப் பாடினாலும் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கப் போவதுமில்லை.

அந்தச் சுதந்திரத்தை எம். எஸ். உபயோகப்படுத்திக் கொள்ளவில்லை. அவர் உழைப்பைக் கொஞ்சம் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம், சம்ஸ்கிருதம், ஹிந்தி, வங்காளி என்று எத்தனை பாஷைகளில் பாடினாரோ, அத்தனையிலும் ஒவ்வொரு சொல்லையும் அந்த அந்தப் பாஷைக்காரர்கள் முகம் சுளிக்காத வண்ணம் கற்றுக்கொண்டு பாடினார். முசிரி சுப்பிரமணிய ஐயரிடமும் செம்மங்குடி சீனிவாச ஐயரிடமும் பாடம் கேட்டது புகழ் வராத காலத்தில் இல்லை. புகழ் வந்த பிறகு. 1966 அக்டோபர் 23-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது காஞ்சிப் பெரியவர் இயற்றிய சம்ஸ்கிருத கீதத்தோடு, ராஜாஜி இங்கிலீஷில் எழுதிய ஒரு பிரார்த்தனையையும் பாடினார். அதற்கு மேல்நாட்டு முறையில் இசை அமைத்துக் கொடுத்தவர் சென்னையில் இருந்த ஹாண்டல் மானுவல். அப்போது எம். எஸ்ஸுக்கு ஐம்பது வயது. கர்நாடக சங்கீதத்தின் கமகங்களிலேயே ஊறிப்போன ஒரு தொண்டையை, அசையாமல் நேராக நிற்கவேண்டிய ஸ்வரங்களுக்கு அந்த வயதில் பழக்குவது விளையாட்டுக் காரியமா?

அதற்கும் பிறகு, அறுபது வயது தாண்டி, கல்கி கார்டன்ஸ் என்ற பெரிய வீட்டை இழந்துவிட்டுச் சிறிய வீட்டில் குடியிருந்த காலத்தில், அன்னமாசார்யரின் கீர்த்தனங்களைப் புதிதாகப் பாடம் பண்ணினார். திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியில் பாலாஜி பஞ்சரத்ன மாலை என்ற பெயரில் அவை இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அறுபது வயதில் நாம் புதிய மருந்தின் பெயரைக்கூட மனப்பாடம் செய்யச் சோம்பல்படுகிறோம். இந்த உழைப்பை அவருக்குப் பதிலாக இன்னொருவர் செய்திருக்க முடியாது. இது அவருடையது. அவருடையதாக இருந்ததால் அதைக் கொடுத்தவரும் அவரே.

பசு பாலில் தன் மனத்தைக் கரைத்துக் கொடுப்பதில்லை. அம்மையாரின் உவமை உடைவது இங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. சுப்புலக்ஷ்மிக்குச் சுயமான தீர்மானமே கிடையாது என்று பேசுகிறவர்கள் 1936-ஆம் வருஷத்தை மறந்துவிடுகிறார்கள். அந்த வருஷம், இருபது வயதை எட்டுகிற அந்தப் பெண், தாயின் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டாள். அன்றைய மதுரையில், அந்தக் குலத்தில் பிறந்த ஒரு பெண் தன் வாழ்க்கை இன்னவிதமாகத்தான் இருக்கவேண்டும் என்று தானே முடிவு செய்வது சாமானிய தைரியமல்ல. கிருகஸ்த வாழ்க்கை வேண்டும், மரியாதை வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காகத் தம் தொழில் பொறுப்புகளையெல்லாம் ஒருவர் கையில் ஒப்படைத்தார். எல்லாம் கணவரால் வந்தது என்று கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது, அவரைத் தெய்வமாக்கி வாயடைப்பதைப் போலவே இன்னொரு விதமான அவமதிப்பு. ஒருவர் தாமாகவே ஒப்படைப்பதும் சுதந்திரமான செய்கைதான்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, வழக்கு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடலாமா? கூடாது. என் வாதத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

'கட்டளையிட்டவர் யாராக இருந்தால் என்ன, மனம் ஒப்பிச் செய்தாள், ஆகவே பெருமை அவளுக்குத்தான்' என்ற வாக்கியம் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதே வாக்கியத்தை எந்த எஜமானனும் தன் வேலைக்காரனைப் பற்றியும், எந்தக் கணவனும் தன் மனைவியைப் பற்றியும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே! அவள் மனம் ஒப்பிச் செய்தாள் என்பது அவளுடைய பெருமை. அவளைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது இவனுடைய குறை. அவளுடைய பெருமை எவ்வளவு வளர்ந்தாலும் இவனுடைய குறை அதனால் ஒரு குன்றிமணி அளவும் குறைவதில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்கு. நாம் செய்கிற தவறெல்லாம் ஒரு கணக்கின் வரவை எடுத்து இன்னொரு கணக்கின் பற்றை அடைத்துவிடுவதுதான்.

இருபது வயதில் ஒரு முறை ஒப்படைத்தது, எண்பது வயது வரையில் செல்லுபடியாகுமா? அதுவும் யோசிக்கவேண்டியதே. எல்லாவற்றையும் ஒப்படைத்தவரிடம் கூட, 'இன்று பாட மனம் இருக்கிறதா?' என்று அன்றன்றைக்குக் கேட்பது ஒப்படைப்பை மதிக்கிற வழி. அந்த வீட்டில் அப்படிக் கேட்டார்களா இல்லையா என்பது அந்த இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆகவே சதாசிவத்தைக் கூண்டில் ஏற்ற எனக்கு உத்தேசமில்லை. அவரும் தமக்கென்று மாளிகை எழுப்பிக்கொண்டவரல்ல. வந்ததைக் கொடுத்துவிட்டு நின்றவர்தான். எனக்கு வேண்டியது நம் வீட்டுக் கணக்கு. அங்கே கேட்டோமா இல்லையா என்பது நமக்கே தெரியும்.

மேலைநாட்டில் க்ளென் கூல்ட் என்று ஒரு பியானோ மேதை இருந்தார். கனடாக்காரர். உலகமே அவர் வாசிப்புக்கு ஏங்கிக்கொண்டிருந்தபோது, 1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கச்சேரி செய்துவிட்டு, அதற்குப் பிறகு மேடையே ஏறவில்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. 1982-ல் இறக்கும் வரையில் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து இசைத்தட்டுகளுக்காகவே வாசித்துக்கொண்டிருந்தார். 'என் கலை என்னுடையது. எப்படிக் கொடுப்பதென்று நான்தான் தீர்மானிப்பேன்' என்பதை அவர் தம் மௌனத்தாலேயே சொல்லிவிட்டார். அந்த மௌனத்தில் தப்பு ஒன்றுமில்லை. கொடுக்க மறுக்க முடிகிறவன் கொடுக்கும்போதுதான் அது முழுமையான தானமாகிறது.

எம். எஸ்ஸும் மௌனமானார். 1997 நவம்பரில் சதாசிவம் காலமானார். அதற்குப் பிறகு அவர் பொது மேடையில் பாடவில்லை. மறு வருஷம் பாரத ரத்னா வந்தது. சங்கீதக் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது அளிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அப்போதும் பாடவில்லை. 2004 டிசம்பர் 11-ந் தேதி அவர் மறையும் வரையில் அந்த மௌனம் கலையவில்லை. "பார்த்தீர்களா, ஆட்டுவித்தவர் போனதும் ஆட்டம் நின்றுவிட்டது" என்று என் சரித்திர அம்மையார் சொல்லக்கூடும். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. அவரை வேண்டிக்கேட்க உலகமே இருந்தது. உத்தரவு போட மட்டும் யாரும் இருக்கவில்லை. அந்த நிலையில் பாடாமல் இருந்தது அவர் தாமே எடுத்துக்கொண்ட முடிவு. மறுக்கிற சக்தி தமக்கு இருந்தது என்பதை அவர் எண்பத்தொன்றாம் வயதில் காட்டினார். அப்படியானால் அதற்கு முன்னே அறுபது வருஷ காலம் மறுக்காமல் இருந்ததையும் சக்தியற்ற செய்கை என்று நான் எப்படிச் சொல்வேன்?

மறுமணம், மறுபெயர் என்று எல்லாம் மாறுகிற உலகத்தில் அவர் பெயருக்கு முன்னாலிருந்த இரண்டு எழுத்துக்கள் கடைசி வரை மாறவில்லை. மதுரை ஒன்று, தாயார் சண்முகவடிவு ஒன்று. சம்பாதித்ததையெல்லாம் கொடுத்தவர் அந்த இரண்டையும் யாருக்கும் கொடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த தீர்ப்பு இதுதான். பணம் கொடுத்தவர் சதாசிவம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டைக் கொடுத்தவர் சுப்புலக்ஷ்மி. பணம் செலவாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரில் பதித்த கல்லும் ஒருநாள் தேய்ந்துவிடும். பாட்டு இன்றைக்கும் விடிகாலையில் நம்மை எழுப்பிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே, அதே வேளையில் நம் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிவதையும் கவனித்தால் நல்லது. அடுத்த தடவை நாலு பேர் முன்னிலையில் தாராளமாக வாக்குக் கொடுப்பதற்கு முன்னால், அங்கே நிற்கிறவளை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். அவள் முடியாது என்று சொன்னாலும் பாதகமில்லை. அவள் சரி என்று சொல்லுகிற அன்று, அந்த மோர் உண்மையிலேயே தானமாக இருக்கும்.